காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு இனிமே அவரை கேக்காதீங்க

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயசு 41. ஜென்ட்ஸ் டெய்லர், திண்டுக்கல் பக்கம் சொந்தமா சின்ன கடை. எட்டு மாசத்துக்கு முன்னாடி பைக்ல இருந்து விழுந்து தலைல அடி, ஹெல்மெட் போடல. ஐசியூல இருந்து கண்ணு முழிச்சதுக்கு அப்புறமும் மூணு வாரம் எங்க இருக்கோம்னே தெரியாம இருந்தாரு. இப்ப நடக்குறாரு, நல்லா பேசுறாரு, பழசெல்லாம் தெளிவா சொல்றாரு, ஆனா காலைல நடந்தது மத்தியானம் ஞாபகம் இல்ல. கேட்டதையே திரும்ப திரும்ப கேக்குறாரு, ஃபிட்ஸ் மாத்திரையை (லெவெட்டிராசெட்டம்) ஒருநாள் ஒரே வேளைக்கு ரெண்டு தடவை போட்டுட்டாரு, கரண்ட் பில் கட்டிட்டேன்னு சத்தியம் பண்றாரு, போய் பார்த்தா கட்டல. கோவம் வேற ரொம்ப வருது. தினமும் சாயந்தரம் "காலைல என்ன சாப்பிட்டீங்க, யாரு வந்தாங்க"ன்னு கேட்டு பயிற்சி கொடுக்கிறேன், சண்டைல தான் முடியுது. கொழுந்தனார் "அஞ்சு வருஷத்துக்கு முந்தின கடன் கணக்கை பைசா மாறாம சொல்றாரு, நேத்து வாங்கின காசு மட்டும் மறந்துடுச்சா, அண்ணன் நடிக்கிறாரு"ங்கறாரு. ஞாபகசக்தி கேப்சூல் வாங்கலாமா, போன்ல சுடோகு போட சொல்லலாமா? பழையபடி ஆவாரா? கடையை திறக்கலாமா? ஏழாவது படிக்கிற பையன்கிட்ட என்ன சொல்றது?

பதில்: வணக்கம் சகோதரி. தலைக்காயம் பட்டவங்களோட வேலை பார்க்கிற சைக்காலஜிஸ்ட் நான். உங்க கொழுந்தனார் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா வீட்டு சண்டைல பாதி அதுல தான் இருக்கு. பழைய கடன் ஞாபகம் இருக்கு நேத்து காசு ஞாபகம் இல்லன்னா, அது நடிப்பு இல்லீங்க, தலைக்காயத்துல வர்ற மறதி பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மூளையோட பக்கவாட்டுல, காதுக்கு நேரா உள்பக்கம் ஹிப்போகேம்பஸ்னு ஒரு சின்ன பகுதி இருக்கு, புதுசா நடக்குறதை பதிய வைக்கிறது அதோட வேலை. பழைய விஷயங்கள் ஏற்கனவே மூளைல மத்த இடங்கள்ல போய் நிலைச்சிடுச்சு, அதை எடுக்க இதை அவ்வளவா நம்பி இருக்க வேண்டியதில்ல. பைக்ல இருந்து விழும்போது மூளை மண்டைக்குள்ள குலுங்குது, மண்டை ஓட்டோட உள்பக்கம் நெத்திக்கு கீழயும் நெத்திப்பொட்டு ஓரத்துலயும் கரடுமுரடா இருக்கும், அங்க உரசி நசுங்குறது பெரும்பாலும் முன்பக்க மூளையும் இந்த பக்கவாட்டு மூளையும் தான். அதனால தான் ஞாபகமும் கோவமும் சேர்ந்தே அடிவாங்குது. இதை அப்படியே கொழுந்தனார்கிட்ட படிச்சு காட்டுங்க, இல்லன்னா அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிட்டு போய் டாக்டர் வாயால சொல்ல வைங்க. வீட்டு மனுஷங்க சொன்னா ஏறாதது டாக்டர் சொன்னா ஏறும்.

கரண்ட் பில் விஷயமும் பொய் இல்ல. போன மாசம் கட்டினதோ போன வருஷம் கட்டினதோ ஒரு ஞாபகம் அவருக்குள்ள இருக்கு, இந்த மாசத்துக்கான ஞாபகம் இல்ல, அந்த காலி இடத்துல மூளை தானாவே பழசை கொண்டுவந்து வச்சிடுது. அவருக்கு அது நிஜமாவே நடந்த மாதிரி தான் தெரியும், அதான் சத்தியம் பண்றாரு. "பொய் சொல்லாதீங்க"ன்னு நீங்க சொல்லும்போது அவர் பக்கத்துல இருந்து பாருங்க, செஞ்ச வேலையை பொண்டாட்டியே நம்பலன்னு தான் இருக்கும். வாதாடாதீங்க, "வாங்க ரசீது இருக்கான்னு பாப்போம்"னு பேப்பர் பக்கமோ போன் பக்கமோ திருப்பி விடுங்க.

இப்ப அந்த சாயந்தர கேள்விகளை பத்தி. நல்ல மனசோட தான் செய்றீங்க, யாரோ சொல்லியும் இருப்பாங்க, ஆனா அதை இன்னைக்கே நிறுத்திடுங்க. பதியாத ஒண்ணை கேட்டா அவரால எங்க இருந்து எடுக்க முடியும்? தினமும் ஒரு பரீட்சை, தினமும் ஃபெயில், அதுவும் பையன் முன்னாடி. அதைவிட பெரிய பிரச்சனை ஒண்ணு இருக்கு. நமக்கெல்லாம் தப்பா சொல்லிட்டா "ஓ இது தப்பு"ன்னு ஞாபகம் இருக்கும், அடுத்த தடவை திருத்திக்குவோம். அவருக்கு அது தப்புங்கற ஞாபகம் நிக்காது, ஆனா வாயால சொன்ன அந்த தப்பான பதில் எங்கயோ ஒட்டிக்கும், அடுத்த தடவை அதுவே முந்திக்கிட்டு வரும். இங்கிலாந்துல ஆலன் பேட்லி, பார்பரா வில்சன்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட்டுங்க 1994ல இதை சோதனை பண்ணி காட்டினாங்க, கடுமையான மறதி உள்ளவங்களுக்கு ஊகிக்க விடாம சரியான பதிலையே முதல்ல கொடுத்து பழக்கினா நல்லா கத்துக்குறாங்கன்னு. அதனால "இவர் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" வேண்டாம், "இவர் உங்க ஸ்கூல் ஃப்ரெண்டு, போன வாரமும் வந்தாரு"ன்னு நீங்களே சொல்லிடுங்க. பத்தாவது தடவை கேட்டாலும் முதல் தடவை மாதிரியே சொல்லுங்கன்னு நான் சொல்றது சுலபம், செய்யுறது கஷ்டம்னு தெரியும், அதுக்கு தான் கீழ ஒரு வழி சொல்றேன்.

பழையபடி ஆவாரான்னு கேட்டீங்க. நேரா சொல்றேன். கண்ணு முழிச்சும் எதுவும் தொடர்ச்சியா பதியாம இருந்த காலம் எவ்வளவு நீளம்ங்கறதை வச்சு தான் காயத்தோட கடுமையை கணக்கு பண்ணுவோம், அது ஒரு நாளை தாண்டினாலே பெரிய காயம், ஒரு வாரத்தை தாண்டினா ரொம்ப கடுமையான காயம். உங்க வீட்டுக்காரருக்கு மூணு வாரம். அந்த மூணு வாரமும் விபத்து நடந்த நேரமும் அனேகமா திரும்பி வராது, பதியவே இல்லாததை தோண்டி எடுக்க முடியாது, அதுக்காக சாமியாடிகிட்டயோ ஹிப்னாடிசம் பண்றவங்ககிட்டயோ கூட்டிட்டு போகாதீங்க. புது ஞாபகம் பிடிக்கிற சக்தி முதல் ஆறு மாசத்துல வேகமா தேறும், அப்புறம் மெதுவா, ரெண்டு வருஷம் வரைக்கும்கூட கொஞ்சம் கொஞ்சமா தேறுறது உண்டு, அதனால இன்னும் நேரம் இருக்கு. ஆனா முழுசா பழையபடி வந்துடும்னு நான் சொன்னா அது உங்களை ஏமாத்துறது. ஞாபகம் அவ்வளவா திரும்பாமலே அவரோட ஒரு நாள் ஒழுங்கா ஓட வைக்க முடியும், அதை மட்டும் உறுதியா சொல்வேன். நம்ம உழைப்பு போக வேண்டிய இடம் அது தான்.

எப்படின்னா, ஞாபகத்தை தலைக்கு வெளிய வைக்கணும். நோட்டுல, அலாரத்துல, டப்பால, சுவத்துல. சில பேர் "நோட்டை பார்த்தே பழகிட்டா மூளை சோம்பேறி ஆயிடும்"பாங்க, அது சரி இல்ல. பார்பரா வில்சன் குழுவே 2001ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, மூளை பாதிப்பு உள்ள 143 பேருக்கு இடுப்புல ஒரு பேஜர் கொடுத்து, அது நேரத்துக்கு நேரம் அடிச்சு "மாத்திரை போடுங்க", "இன்னைக்கு ஆஸ்பத்திரி"ன்னு காட்டும். முழுசா முடிச்சவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல அன்றாட வேலைகளை முன்னைவிட நல்லா செஞ்சாங்க, பேஜரை திருப்பி வாங்கின பிறகும் பெரும்பாலானவங்களுக்கு அந்த பழக்கம் ஏழு வாரம் கழிச்சும் நின்னுச்சு. சோம்பேறி ஆகல, பழகிக்கிட்டாங்க. இன்னைக்கு உங்க கைல இருக்கிற போன் அந்த பேஜரைவிட எவ்வளவோ மேல்.

உங்க வீட்டுக்காரருக்கு இதுல ஒரு பெரிய வசதி இருக்கு. டெய்லர்ங்க அவர். இருபது வருஷமா அளவு நோட்டை பார்க்காம ஒரு சட்டை வெட்டி இருக்க மாட்டாரு. ஒருத்தரோட செஸ்ட், ஷோல்டர், கை நீளம் எல்லாம் மனப்பாடமா வச்சுக்கிறது டெய்லரோட வேலை இல்ல, நோட்டுல இருக்கணும், பாக்கணும், வெட்டணும். அந்த பழக்கம் அவர் கைல ஏற்கனவே இருக்கு. அதே மாதிரி ஒரு நோட்டு, சட்டைப்பைல நிக்கிற சைஸ், அட்டை பளிச்சுன்னு ஒரே கலர்ல, பச்சைன்னு வச்சுக்குவோம். ஒரே ஒரு நோட்டு தான், இது முக்கியம். ஃப்ரிட்ஜ்ல ஒரு சீட்டு, காலண்டர்ல ஒண்ணு, பில் பின்னாடி ஒண்ணுன்னு இருந்தா எங்க எழுதினோம்ங்கறதையே தேடணும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மேல இன்னைக்கு செய்ய வேண்டியது, நீங்க காலைல அவரோட உக்காந்து அவர் கையெழுத்துலயே எழுத வைங்க, கீழ நடந்தது நேரத்தோட, "10.20 மாமா வந்தாரு, 500 கொடுத்தாரு" அவ்வளவு போதும். செஞ்சு முடிச்சதும் டிக். முடிச்சதும்னா அந்த நிமிஷமே, காபி குடிச்சுட்டு அப்புறம் டிக் பண்ணலாம்னா போச்சு.

தினசரி காலண்டர் தாளை காலைல அவரையே கிழிக்க சொல்லுங்க, தேதி தெளிவா பிடிபடும். ஆனா மறதி உள்ளவங்க ஒரே காலைல ரெண்டு தாள் மூணு தாள் கிழிச்சிடுவாங்க, வீடே வேற தேதில ஓடும். அதுக்கு கிழிச்ச தாளை அன்னைக்கு நோட்டு பக்கத்துலயே ஒட்டிட சொல்லுங்க, தாள் நோட்டுல இருந்தா கிழிச்சாச்சுன்னு அர்த்தம், இனி காலண்டர்ல கை வைக்க வேண்டாம்.

நோட்டு வாங்கி கொடுத்தா மட்டும் நடந்துடாது, பாதி வீட்ல இங்க தான் விட்டுடறாங்க. நோட்டு இருக்குங்கறதே அவருக்கு ஞாபகம் இருக்காது. நோட்டை பாக்கணும்ங்கற அந்த ஒரே விஷயத்தை மட்டும் பயிற்சியா கொடுங்க, உங்க சாயந்தர நேரத்தை இதுக்கு செலவு பண்ணுங்க. "ஏதாவது தெரியணும்னா எங்க பாப்பீங்க? பச்சை நோட்டுல"ன்னு நீங்களே கேள்வியும் பதிலும் சொல்லிட்டு உடனே கேளுங்க, சொல்லிடுவாரு. அரை நிமிஷம் வேற பேச்சு பேசிட்டு திரும்ப, அப்புறம் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், நாலு, எட்டுன்னு இடைவெளியை கூட்டிக்கிட்டே போங்க. எப்பயாவது தடுமாறினா காத்திருக்காதீங்க, நீங்களே பதிலை சொல்லிட்டு கடைசியா சரியா சொன்ன இடைவெளிக்கு திரும்பி வாங்க. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கை நோட்டை தொடணும். வாய் மறந்தாலும் கை போகும்ங்கறது தான் இதுல விஷயம். 1953ல ஹென்றி மொலைசன்னு ஒரு அமெரிக்கருக்கு ஃபிட்ஸுக்காக ஆபரேஷன் பண்ணி ரெண்டு பக்க ஹிப்போகேம்பஸ்லயும் ஒரு பெரிய பகுதியை எடுத்துட்டாங்க, அதுக்கு அப்புறம் புதுசா எதுவும் நினைவுல நிக்கல. ஆனா பிரெண்டா மில்னர்ங்கற சைக்காலஜிஸ்ட் அவரை கண்ணாடில மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தோட கோட்டுக்குள்ள பென்சில்ல வரைய வச்சப்போ, நாளுக்கு நாள் கை தேறிக்கிட்டே வந்துச்சு, இதை முன்னாடி செஞ்சதா அவருக்கு ஞாபகமே இல்ல, இருந்தும் தேறுச்சு. கைப்பழக்கத்துக்கு மூளைல வேற பாதை. உங்க வீட்டுக்காரர் மிஷின்ல உக்காந்தா இன்னைக்கும் தையல் நேரா ஓடும்னு நினைக்கிறேன், அதே பாதைல தான் நோட்டு பழக்கத்தையும் ஏத்தணும். இது பழகினப்புறம் ஒரே கேள்வி திரும்ப வந்தா நீங்க பதில் சொல்ல வேண்டாம், "நோட்டுல இருக்குங்க"ன்னு சொன்னா போதும், உங்க தொண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு.

மாத்திரை விஷயத்தை தள்ளி போடாதீங்க. மெடிக்கல்ல ஏழு நாளுக்கு கட்டம் போட்ட மாத்திரை டப்பா கிடைக்கும், காலை நைட் தனித்தனி மூடி. ஞாயித்துக்கிழமை நீங்க நிரப்புங்க, மீதி அட்டையெல்லாம் பூட்டின பீரோல. கட்டம் காலின்னா போட்டாச்சு, யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல. அலாரம் வெறும் மணியா இருந்தா ஆஃப் பண்ணிட்டு எதுக்கு அடிச்சுதுன்னே தெரியாது, அதனால திரைல "நைட் மாத்திரை, டப்பா டிவி மேல"ன்னு எழுத்து வரணும், முடிஞ்சா குரல்ல பதிஞ்சு வைங்க. அடிச்ச உடனே எழுந்து போட்டுட்டு வந்து தான் ஆஃப் பண்ணணும். கேஸ் அடுப்பை இப்போதைக்கு தனியா பத்த வைக்க வேண்டாம், டீ போட ஆசைப்பட்டா டைமர் வச்சு தானா நிக்கிற இண்டக்ஷன் அடுப்பு.

கடையை திறக்கலாம், ஆனா தனியா இல்ல, பழைய மாதிரி காலைல இருந்து ராத்திரி வரைக்கும் இல்ல. தலைக்காயத்துக்கு அப்புறம் மூளை சீக்கிரம் களைச்சிடும், களைச்சா ஞாபகம் இன்னும் குறையும், மத்தியானத்துக்கு மேல அவர் மோசமா இருக்கிறதை நீங்களே கவனிச்சு இருப்பீங்க. காலைல ரெண்டு மணி நேரம், ரேடியோ டிவி இல்லாம, முதல்ல ஆல்ட்ரேஷனும் வெட்டி வச்ச துணியை தைக்கிறதும் மட்டும். புது அளவு எடுக்கும்போது பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும், அவர் டேப்பை வச்சு "செஸ்ட் 38"னு சத்தமா சொல்லணும் அந்த ஆள் அப்பவே எழுதணும், டேப்ல பார்த்த நம்பர் நோட்டுக்கு வர்றதுக்குள்ள காணாம போயிடும். துணில இருந்து ஒரு பிட்டு வெட்டி பில்லோட பின் பண்றதை விடாம செய்யட்டும், கூடவே கஸ்டமரை துணியோட ஒரு போட்டோ, கேட்டுட்டு எடுங்க, யாரோட துணியை யாருக்கு கொடுத்தோம்ங்கற வம்பு அதோட தீரும். பாதி சட்டைல டீ குடிக்க எழுந்துட்டு வந்தா எதுவரைக்கும் தைச்சோம்னு தெரியாம முழிப்பாரு, அதுக்கு ஒவ்வொரு துணிக்கட்டோடயும் ஒரு சீட்டு, காலர், கஃப், பாக்கெட், காஜா, பட்டன்னு வரிசையா, முடிஞ்சது முடிஞ்சது டிக். ஒரு சட்டை முடியாம அடுத்த கட்டை அவிழ்க்க கூடாது.

பணம் தான் எனக்கு கவலை. மறதின்னு தெரிஞ்சா "அண்ணே நேத்தே கொடுத்துட்டேனே"ன்னு சொல்றவங்க ஊர்ல இருக்கத்தான் செய்வாங்க, கைமாத்து கேட்டு வர்றவங்களும் வருவாங்க. வரவை முடிஞ்சவரை க்யூஆர்ல வாங்குங்க, சவுண்ட் பாக்ஸ் வச்சுக்குங்க, ரொக்கம் வந்தா பில்லுல எழுதின பிறகு தான் கல்லாவுக்கு. அவர் போன்ல இருந்து பணம் அனுப்புற லிமிட்டை குறைச்சு வைங்க, ஆனா அவருக்கு தெரியாம செய்யாதீங்க, அவரையும் உக்கார வச்சு பேசி நோட்டுல எழுதி அவரையே கையெழுத்து போட வைங்க. அவர் கடை, அவர் காசு. பைக் மட்டும் நியூராலஜி டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் சாவியே கைக்கு போக கூடாது, சரக்கு பழக்கம் இருந்தா அதுவும் கூடாது, ஃபிட்ஸையும் கிளப்பும் ஞாபகத்தையும் கெடுக்கும்.

கோவத்துக்கு காரணம் பல இருக்கலாம், முன்பக்க மூளை அடி, தூக்கம் சரியில்லாதது, உள்ளுக்குள்ள சோர்ந்து போறது, தினசரி பரீட்சை. இன்னொண்ணு, நீங்க எழுதின லெவெட்டிராசெட்டம் மாத்திரை சில பேருக்கு எரிச்சலையும் கோவத்தையும் கொண்டுவரும், தெரிஞ்ச பக்கவிளைவு தான். கோவம் அந்த மாத்திரை ஆரம்பிச்ச பிறகு கூடுச்சான்னு யோசிச்சு டாக்டர்கிட்ட கேளுங்க, மாத்தி கொடுக்க வேற மருந்து இருக்கு. நீங்களா நிறுத்தினா ஃபிட்ஸ் வரலாம், அதை செய்யவே செய்யாதீங்க. அப்படியே தைராய்டு, பி12 ரத்தப்பரிசோதனையும் கேளுங்க, தலைக்காயத்துல மூளைக்கு அடில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி பாதிச்சு ஹார்மோன் குறையுறதும் உண்டு, இதெல்லாம் மறதியை கூட்டும், சரி பண்ணவும் முடியும். தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை ஏதாவது தானா வாங்கி போடுறாரான்னும் பாருங்க, சிலது ஞாபகத்தை மந்தமாக்கும்.

இதுவரைக்கும் நியூரோசைக்காலஜி டெஸ்ட் எடுக்கலன்னா எடுத்துடுங்க. கவனம் நிக்காததால மறக்குறாரா, பதியலையா, பதிஞ்சும் எடுக்க முடியலையான்னு அது பிரிச்சு காட்டும், அதை வச்சு பயிற்சியை மாத்தலாம். பெரிய அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரில விசாரிங்க, இல்லன்னா வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ். ஒரு எச்சரிக்கை: இருக்கிற மறதி திடீர்னு கூடினா, புதுசா தலைவலி, வாந்தி, எந்நேரமும் தூக்கம், நடை தடுமாறுறது, தெரியாம சிறுநீர் போறது இதுல எது வந்தாலும் "அடிபட்ட மூளை அப்படித்தான்"னு விட்டுடாதீங்க, உடனே ஸ்கேன். உள்ள மெதுவா ரத்தம் கட்டுறது, நீர் கோத்துக்கிறது எல்லாம் தாமதமாவும் வரும்.

கேப்சூலுக்கு காசு செலவு பண்ணாதீங்க. வல்லாரைக்கீரை வீட்ல பிடிச்சா துவையல் அரைச்சு சாப்பிடுங்க, மருந்தா நம்பாதீங்க. சுடோகு போட்டா சுடோகு நல்லா வரும், கரண்ட் பில் ஞாபகம் வராது, அவருக்கு பிடிச்சா விளையாடட்டும்.

நீங்க உங்களை பத்தி லெட்டர்ல ஒரு வரி எழுதல. எட்டு மாசமா அவர் ஞாபகமும் நீங்களே, உங்க ஞாபகமும் நீங்களே. நடிக்கிறாருன்னு சொல்ற கொழுந்தனார் வாரத்துல ரெண்டு நாள் காலைல கடைல உக்காந்து அளவு எழுதட்டும், உங்களுக்கு அந்த நேரம் கிடைக்கும், அவருக்கும் அண்ணன் நிலைமை கண்ணால தெரியும். வெக்கப்படாம கேளுங்க.

பையன்கிட்ட மறைக்காதீங்க. "அப்பாவுக்கு தலைல அடிபட்டதுல புதுசா நடக்குறதை பிடிச்சு வைக்கிற இடம் பழுதாயிடுச்சு, உன் மேல பாசம் குறையல, உன் பரீட்சை மார்க்கை மறந்தா அக்கறை இல்லாம இல்ல"ன்னு நேரடியா சொல்லுங்க. பிள்ளைங்க அப்பா மறக்குறதை தன்னை மறக்குறதா எடுத்துக்குவாங்க. ஸ்கூல்ல நடந்ததை அவனே அப்பாவோட பச்சை நோட்டுல ரெண்டு வரி எழுதட்டும், மறுநாள் காலைல அதை படிச்சுட்டு அவர் அவன்கிட்ட பேசுவாரு. அலாரத்துக்கு குரல் கொடுக்க ஆசைப்பட்டா கொடுக்கட்டும். ஆனா "அப்பா மாத்திரை போட்டாரான்னு பாத்துக்க, எங்க போறாருன்னு பாத்துக்க"ங்கற வேலையை அவன் தலைல வைக்காதீங்க, அது பெரியவங்க வேலை.